இரண்டாவது பிராசசர்

நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

அந்த நிறுவனத்தின் டைரக்டர் பேச ஆரம்பித்தால் மைக்கே கூச்சப்படும். "ரெண்டு பிராசசர்! ரெண்டு மூளை!" என்று ஒரே கம்ப்யூட்டருக்கு மூன்றாவது முறையாகத் திறப்பு விழா வைத்திருந்தார். அதுவோ நினைத்தபோதெல்லாம் உறைந்துபோகும். சாயங்காலம் விழாவுக்குள் சரிசெய்தால் புது இன்ஜினியர் பெண்ணுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வாசல்.

விசையை அழுத்தினால் கீபோர்டு ஒரு பிராசசரின் தோளைத் தட்டி, 'என்னைக் கவனி' என்னும். டிஸ்க்கும் அப்படித்தான். அதற்குப் பெயர் இன்டரப்ட். யார் யாருடைய தோளைத் தட்டுவது என்று அமைத்துவைப்பதே அவள் வேலை.

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. டிஸ்க் இரண்டாவது பிராசசரைத் தட்டும்போதெல்லாம் பதில் இல்லை. மெஷின் உறைந்தது. ஆனால் கீபோர்டு தட்டினால் மட்டும் அதே பிராசசர் பதில் சொன்னது. திரையில் பதில்களின் எண்ணிக்கை ஏறியது.

கையை எடுத்தாள். ஏறியது.

விரல் நுனியில் பிசுபிசுப்பு. முகர்ந்தாள். பழைய எச்சில்.

"அண்ணே, இங்க யாராவது சாப்பிட்டாங்களா?"

"டைரக்டர் பேச்சக் கேட்டாலே வயிறு ரொம்பிடுமே, யாரும்மா சாப்பிடுவா?" என்றார் ஹார்டுவேர் அண்ணன்.

கீபோர்டைக் கழற்றினாள்.

ஏறியது...

பெட்டிக்குள்ளிருந்து, நறுக்... நறுக்...

அண்ணன் மூடியைத் திறந்தார்.

இரண்டாவது பிராசசர் இருக்கவேண்டிய குழி காலி. பெருமைக்காக, இல்லாததை இருப்பதாக மெஷினில் பதிந்துவைத்திருக்கிறார்கள்!

முழுக்கக் காலியும் இல்லை.

கடித்துத் துப்பிய நகங்கள். ஈரமாக. ஒன்றில் சதை.

குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொய்ப் பதிவை நீக்கினாள். இனி டிஸ்க் முதல் பிராசசரையே தட்டும்.

விழாவில் மெஷின் உறையவே இல்லை. "பாத்தீங்களா, ரெண்டு மூளை!" கைதட்டல். நிரந்தர ஆணை கைக்கு வந்தது.

அதன்பிறகுதான் அண்ணன் வாய் திறந்தார்.

"அந்தப் பொய்யப் பதிஞ்சது உனக்கு முன்னாடி இருந்தவன். நகக்கடின்னு கூப்பிடுவோம். மாட்டேன்னான். மெரட்டித்தான் பதிய வச்சாங்க."

"அவர் வேலைய விட்டுட்டார்னு சொன்னாங்களே?"

"எங்க விட்டான்? மொதல் திறப்பு விழா அன்னிக்கு, நீ உக்காந்த நாற்காலியிலதான் செத்துக் கெடந்தான். விழா முடியட்டும்னு ரூமப் பூட்டி வச்சிட்டாங்க."

அவள் ஆணையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

கட்டைவிரல் நகத்தில் பாதியைக் காணோம். ஓரம் ஈரமாக இருந்தது.

அவளுக்கு நகம் கடிக்கும் பழக்கமே கிடையாது.