ஏற மறுத்த ஆதாரம்

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் எடை போடும் கிருஷ்ணமணி யானைக்குப் பயந்தவர் அல்ல. ஒருமுறை யானைக்கூட்டம் வழிமறித்தபோது, எடை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவை போய்முடியும்வரை கொட்டாவி விட்டபடி நின்றவர். அவருடைய பயமெல்லாம் காகிதத்தின் மேல்தான். தபால்காரர் பழுப்பு உறையை நீட்டினால் இரண்டடி பின்வாங்குவார். பயந்தவன் காகிதத்தை ஒளித்துவைப்பான்; இவர் லேமினேஷன் செய்துவைப்பார். ரேஷன் அட்டை, மகள் ஹரிதாவின் தடுப்பூசி அட்டை, ஏன், சொந்தக் கல்யாணப் பத்திரிகைகூட அவர் வீட்டில் கண்ணாடித் தாளுக்குள்தான் இருக்கிறது.

திருவட்டாறில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் நாகேந்திரன், சித்தப்பா மகன். போன வாரம் அவன் ஒரு குண்டு போட்டான்: இரண்டு வீட்டுக்கும் நடுவே தெருவுக்குப் போகும் வழி தன் பாகமாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் வருகிறாராம். அந்த வழி போய்விட்டால் கிருஷ்ணமணி தன் வீட்டுக்குப் பறந்துதான் வரவேண்டும்.

உண்மை என்னவென்று தாத்தா எழுதிவைத்த பாகப்பிரிவினை ஆதாரத்தில் இருக்கிறது. அங்கே பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர். திருவிதாங்கூர் காலத்தது, இருபத்திரண்டு பக்கமும் மலையாள எழுத்து. இவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. அதே தெருவில் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியை லீலாபாய் இருக்கிறார். ஆனால் ஆசிரியை வாசித்தால் ஊரே வாசித்தமாதிரி. ஆகவே, தெரிந்த மனுஷியை நம்பாமல், எந்தத் தேசத்தில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு எந்திரத்தை நம்புவதென்று முடிவுசெய்தார். கேட்டால் பதில் சொல்லும் அந்த ஏஐயை, பெங்களூரில் வேலைபார்க்கும் ஹரிதாதான் அவர் போனில் போட்டுக்கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம். ஆதாரத்தை அனுப்பினார். வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் சிவப்பில் ஒரு வரி: பதிவேற்ற முடியவில்லை, மீண்டும் முயலவும். நான்கு தடவை முயன்றார். நான்கு தடவையும் சிவப்பு.

"அதுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் வேர்த்துப்போய். "நமக்கு வழி இல்லேன்னு பறையுகு."

"அந்தச் சவத்துக்கு என்ன தெரியும்? பிள்ளையக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி அழகியநாயகி.

அவளுடைய போனில் ஹரிதா வந்தாள். "எப்பா, முதல்ல சும்மா ஒரு வணக்கம் எழுதிப்போடுங்க."

போட்டார். வெகுநேரம் கழித்துப் பதில் வணக்கம் வந்தது.

"அப்ப அதுக்கு உயிரு கிடக்கு. நீங்க அனுப்பினது எவ்வளவு பெருசு?"

"கடையில கொடுத்து எல்லாத்தையும் ஒண்ணா ஸ்கேன் பண்ணினேன் மக்ளே. எண்பது எம்பிக்கு மேல காட்டுகு."

"இருபத்திரண்டு பக்கத்தையும் ஒரே உருண்டையா உருட்டித் திணிச்சா எது முழுங்கும்? ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்துப் போடுங்க."

ஒற்றைப் பக்கமும் பாதியில் நின்றது.

"மேல என்ன காட்டுகு? டேட்டாவா, வைஃபையா?"

கிருஷ்ணமணி கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். நாகேந்திரனின் வைஃபை. உறவு நன்றாயிருந்த கொரோனா காலத்தில், ஹரிதாவின் ஆன்லைன் வகுப்புக்காக அவனே கொடுத்த கடவுச்சொல். மனிதர்கள் மறந்த உறவை போன் மறக்கவில்லை. இரண்டு சுவர் தாண்டி வரும் நூலிழையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மக்ளே," குரல் இறங்கிவிட்டது, "எனக்க ஆதாரத்த அவனுக்க வீட்டு வழியாட்டா அனுப்பினேன்? அவன் எல்லாத்தையும் பாத்திருப்பான்."

"உள்ள உள்ளது அவருக்குத் தெரியாதுப்பா. சிக்னல் மெலிஞ்சு கிடக்கதுனால ஏறல்ல, அவ்வளவுதான். வைஃபைய அணைச்சிட்டு டேட்டாவப் போடுங்க."

ஏறியது. ஆனால் பதில் இப்படி வந்தது: பக்கத்தின் நடுவில் வெளிச்சம் பட்டு எழுத்துகள் மறைந்திருக்கின்றன.

அழகியநாயகி எட்டிப்பார்த்தாள். டியூப்லைட் முழுசாக லேமினேஷனில் படுத்திருந்தது. "பயந்து பயந்து கண்ணாடி போட்டு மூடினது யாராக்கும்?"

வெளியே கொண்டுபோக வழியில்லை. அங்கே நாகேந்திரன் பைக் கழுவிக்கொண்டிருந்தான். விளக்கை அணைத்து, அடுக்களைத் தரையில் ஆதாரத்தைப் பரப்பி, அவள் கறுப்புக் குடை பிடிக்க, அவர் பக்கம் பக்கமாக எடுத்து அனுப்பினார். வீட்டுக்குள் குடை பிடிப்பது ஆகாது என்ற பயமும் நடுவே வந்துபோனது.

பதினாலாம் பக்கம் ஏறியது, வழியைப் பற்றிய பேச்சு இதில்தான் இருக்கிறது என்று பதில் வரத்தொடங்கியது. இவ்வளவு நேரம் ஏறவில்லையே என்று நடுங்கியவர், ஏறிவிட்டதே என்று நடுங்க ஆரம்பித்தார். போனைக் கவிழ்த்துவைத்தார். அவள் நிமிர்த்திப் பதிலை வாசித்தாள்.

வழி, நாலு முழ அகலம், மூத்த மகன் பாகத்தில். இளைய மகன் வீட்டார் என்றென்றைக்கும் நடந்துகொள்ளலாம். ஒரு சொல் தெளிவில்லை. மலையாளம் அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

மூத்த மகன் கிருஷ்ணமணியின் அப்பா. நாகேந்திரனின் அப்பா இளையவர்.

ஆக, ஒரு வாரமாக யாரிடம் போகக்கூடாதென்று இருந்தாரோ அந்த லீலாபாயிடமே போகவேண்டியதாயிற்று. ஆசிரியை இரண்டு நிமிடத்தில் வாசித்து, அதையே சொன்னார். தெளிவில்லாத சொல் 'சம்மதத்தோடு' என்பதாம்; மூத்தவர் சம்மதித்துக் கொடுத்த நடைவழி.

திரும்பிவரும்போது நாகேந்திரன் அந்த வழியிலேயே நின்றான். "அண்ணே, நாளைக்குப் பத்து மணி. மறக்காண்டாம்."

கிருஷ்ணமணி தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். யானைக்கு வழிவிட்டுப் பழக்கம் உண்டு. தன் வழியை ஒருவனிடம் எடுத்துச்சொல்லிப் பழக்கமில்லை.

"லேய், ஒனக்க கையிலயும் இதே ஆதாரம் உண்டுல்லா. வாசிச்சியா?"

"மலையாளம் எவனுக்குத் தெரியும்? அப்பா சொன்னதுதான்."

"லேமினேஷன் பண்ணியிருக்கியா?"

"பின்ன?"

"அப்பம் நிழல்ல வச்சுப் போட்டோ எடு. பதினாலாம் பக்கம்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கிருஷ்ணமணி வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டார்.