டிரைவர் வண்டியிலேயே இருக்கட்டும்

என் வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் கன்னியாகுமரி, குற்றாலம், தேக்கடி, ராமேஸ்வரம் என்று அவர் வண்டி போகாத இடமில்லை. நான் பழனியைத் தாண்டியதில்லை. அவர் திரும்பி வந்ததும் சீட்டுக்கடியில் கிடக்கும் சிப்ஸ் கவர்களைப் பொறுக்கி, யாரோ எடுத்த வாந்தியைக் கழுவிவிடுவது மட்டும் என் வேலை.

நான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிறேன். போன வருடம் எங்கள் மகளிர் குழுவில் பதினான்கு பேர் சேர்ந்து கன்னியாகுமரிப் பக்கம் மூன்று நாள் போவதென்று முடிவாயிற்று. பேசிய வேனை ஓட்டப்போவது இவர்தான்.

"நீ வராத புள்ள. பொண்டாட்டியையும் ஏத்திக்கிட்டுப் போறான்னு ஓனர் ஏசுவாரு" என்றார் சாப்பிடும்போது.

"நான் டிரைவர் பொண்டாட்டியா வரல. மத்தவங்க மாதிரி எம் பங்கக் குடுத்துட்டு வாரேன்."

"அங்க என்ன கொட்டியா கெடக்கு? கால் வலிதான் மிச்சம்."

"வலிக்கட்டும். எங் காலுதான?"

அதன்பிறகு புறப்படும் நாள்வரை பேச்சில்லை. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. எல்லோரும் இறங்கினோம். அவர் சீட்டைச் சாய்த்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். எனக்கு முழங்கால் வலி உண்டு. "ஏங்க, உள்ள ரொம்ப நடக்கணுமா?" என்று கேட்டேன்.

"நடக்கணும்னு சொல்லுவாக."

"சொல்லுவாகளா? நீங்க போனதில்லையா?"

அவர் துண்டை முகத்தில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எத்தன தடவ இங்க வந்திருப்பீங்க?"

"அது இருக்கும் முப்பது, நாப்பது. சாமான் கெடக்கும்போது டிரைவர் எறங்கக் கூடாது. நீ போய்ப் பாத்துட்டு வா."

ஊரெல்லாம் தான் மட்டும் பார்த்துவிட்டு என்னை வீட்டில் போட்டுவைத்தார் என்ற கோபத்தில்தான் அந்த வண்டியில் ஏறியிருந்தேன். அவர் பார்த்ததெல்லாம் வண்டி நிறுத்துமிடமும் டீக்கடையும்தான். கோபம் தணியவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்குங்க."

குழுத் தலைவிக்கு முகம் மாறியது. "ஏக்கா, டிரைவர் வண்டியிலயே இருக்கட்டும். எங்க பையெல்லாம் உள்ள கெடக்குல்ல?"

"வண்டிக்குப் பூட்டு இருக்கு. மனுசன எதுக்குப் பூட்டிப் போடணும்?"

அவள் நேராக ஓனருக்கே போன் போட்டுவிட்டாள். அவர் போட்ட சத்தம் பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கேட்டது. நான் போனை வாங்கினேன். "அண்ணே, பை காணாமப் போனா நான் பதில் சொல்றேன். இந்த மூணு நாளும் ஒங்க டிரைவர் எல்லா எடத்துலயும் எறங்குவாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். இவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்.

உள்ளே கறுப்புத் தரை முகம் தெரிகிற மாதிரி மின்னியது. வெறுங்காலை அதில் வைக்கவே அவர் தயங்கினார். கூரையில் செதுக்கிய மரப்பூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பூக்கட்டுகிறவள் கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. அவரோ தூண் தூணாகத் தடவிக்கொண்டு, "இது ஒரே மரமா அண்ணே? இம்புட்டுப் பெரிய மரத்த எதுல கொண்டாந்தாக?" என்று கைடை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குழு இரண்டு அறை முன்னால் போய்விட்டது.

மறுநாள் திற்பரப்பு அருவி. பனியனோடு தண்ணீருக்கடியில் நின்றவர் வெளியே வர மனமில்லாமல் நின்றார். கடைசியில் நடுங்கிக்கொண்டே வந்து பாறையில் உட்கார்ந்தார்.

"இத்தன வருசத்துல ஒருத்தன்கூட நீயும் வாப்பான்னு கூப்டல, புள்ள."

"நீங்க என்னையக் கூப்டீங்களா?"

பனியன் நுனியைப் பிழிந்தார். "இல்ல" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சுண்டல் வாங்கி இரண்டு பேரும் தின்றோம்.

ஒரு பையும் காணாமல் போகவில்லை. ஆனாலும் ஊர் திரும்பியதும், பொண்டாட்டி பேச்சைக் கேட்கிறவனுக்கு வண்டி கிடையாது என்று ஓனர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் சவாரியே தரவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக்குள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சகிக்க முடியவில்லை. ஒரு காலையில், "கெளம்புங்க, மலைக்கோட்டைக்குப் போவோம்" என்றேன். பிறந்ததிலிருந்து எங்கள் தலைக்கு மேலே நிற்கிற பாறை அது. இருவரும் ஏறியதில்லை.

"வெளியூரா?" என்று கேட்டார் டிக்கெட் கொடுத்தவர்.

"உள்ளூருதான். உள்ளூர்க்காரங்க பாக்கக் கூடாதா?"

முழங்கால் வலித்தது. மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே காற்று சேலையைப் பிய்த்தது. ஒருபக்கம் சிறுமலை, கீழே தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல வீடுகள், அவற்றைத் தாண்டித் தென்னந்தோப்புகள். எங்கள் தெரு எது என்பதில் இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது.

அப்போது அவர் போன் அடித்தது. ஓனர். இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சலாம், கொடைக்கானல் சவாரி காத்திருக்கிறதாம், உடனே வரவேண்டுமாம்.

"கோட்டைக்கு மேல நிக்கிறேண்ணே. எறங்க நேரமாகும்" என்றார் இவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாரேன். ஆனா அங்க வண்டியப் பூட்டிட்டு நானும் எறங்கிப் பாப்பேன். சம்மதம்னா சொல்லுங்க."

ஓனர் ஏதோ சொன்னார். இவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னாரு?"

"வந்து தொலைன்னாரு."

உடனே இறங்கவில்லை. பீரங்கி மேடைப் பக்கம் இன்னும் நாங்கள் பார்க்கவில்லை.