மடியில் முறம்

பேத்தி கட்டிலில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி ஏறியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். பிலிம் துண்டுகளை ஒட்டும் பசைக்கும் அச்சு அசல் இதே நெடிதான். சேலத்தில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில், அந்தப் பசை அறையைத் தாண்டித்தான் முதலாளி அறைக்குப் போகவேண்டும்.

யுத்த காலம். எனக்கோ பி.ஏ. பாஸ் செய்த திமிர். கையில் இருந்தது வெறும் நோட்டும் பென்சிலும். எந்த ஷாட்டில் யார் கையில் என்ன, பூ எந்தப் பக்கம் என்று எழுதவேண்டும். அடுத்த ஷாட்டிலும் அது அப்படியே இருக்கவேண்டும். சாயங்காலம் நோட்டு முதலாளி மேஜைக்குப் போகும். மனிதர் ஒரு வரி விடமாட்டார்.

அப்போது எங்களுக்குச் சோறு போட்டவை துப்பறியும் சிரிப்புப் படங்கள். துப்பறிகிறவர் பூதக்கண்ணாடியோடு ஊரெல்லாம் அலைவார். அவர் பெண்டாட்டி அடுக்களையில் இருந்தபடியே திருடனைக் கண்டுபிடிப்பாள். அந்தப் பெண்டாட்டி நல்லம்மா, மல்லசமுத்திரத்துக்காரி. அவள் புருவத்தைத் தூக்கினால் வாழப்பாடி டூரிங் கொட்டகையில் மணல் பறக்கும்.

மூன்றாவது படம் பாதி முடிந்திருந்தது. ஒத்திகையிலேயே நான் மேதாவித்தனமாக எழுதினேன்: ‘நல்லம்மா இடுப்பு, போன மாத ஷாட்டோடு பொருந்தவில்லை.’ அதோடு விட்டேனா? அவளிடமே காட்டி, “எத்தனை இட்லிங்க சாப்பிடறீங்க?” என்று பல்லைக் காட்டினேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று.

“அஞ்சு மாசமுங்க சாமி. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேற பொண்ணப் போட்டுருவாரு. நூல் கெடைக்காம எடப்பாடில ஊட்டுக்காரரு தறி நின்னு கெடக்குது. என் சம்பளத்துலதான் ஊடு ஓடுது.”

“ஐயோ, நோட்டுல பக்கத்துக்கெல்லாம் நம்பர் இருக்குதுங்க. கிழிக்கவும் முடியாது!”

“படிச்சவருதானுங்க நீங்க? பென்சில அழிக்கக்கூட வராதா?” என்றாள், படத்தில் புருஷனை மடக்கும் அதே குரலில். செட்டில் கிடந்த முறத்தை எடுத்து மடியில் வைத்து உட்கார்ந்தாள். “இப்ப எழுதுங்க.”

எழுதினேன்: ‘நல்லம்மா மடியில் முறம்.’ நோட்டில் ஏறிவிட்டால் அது சட்டம். அடுத்த ஷாட்டிலும் முறம், அதற்கடுத்ததிலும் முறம். ஆனால் அழித்த இடம் கறையாகத் தெரிந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். பசை நெடியைக் கடந்து போய் நின்றேன்.

“ஏப்பா, அந்தப் புள்ள என்னேரமும் மொறமும் கையுமாவே இருக்குது?”

“முந்தின ஷாட்ல இருந்துச்சுங்க.”

அந்தக் கறையை விரலால் மெதுவாகத் தடவினார்.

“செரி. கதையில தொலைஞ்ச வைரத்த அரிசில கல்லுப் பொறுக்கையில அவளே கண்டுபுடிக்கட்டும். போ.”

தெரிந்துதான் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் ஏழு பிள்ளை பெற்றவர். படம் ஓடியது. நல்லம்மா நான்காவது படத்துக்கும் வந்தாள், முறத்தோடு. அது இல்லாமல் வந்தால் ஜனம் விட்டால்தானே!

போன வருஷம் ஓர் அம்மாள் தேடிவந்தாள். நல்லம்மாவின் மகள்.

“அம்மா வயித்துல நான் இருக்கறப்ப எடுத்த படமாமுங்க. ஒருக்கா பாக்கோணும்.”

எதைக் காட்டுவேன்? பிலிமில் வெள்ளி உண்டு. ஓடித் தேய்ந்த பிரதிகளைக் கரைத்து, வெள்ளியை ஊர்ப் பட்டறைகளுக்கு விற்றுவிட்டார்கள். ஸ்டூடியோ போயிற்று, நோட்டும் போயிற்று. முறத்தின் கதையை மட்டும் சொன்னேன். கேட்டு, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

படி இறங்கும்போது கொலுசு சத்தம் கேட்டது. சேலத்து வெள்ளி.