இடப்பக்கத்துக் கரை

கண்ணுங்களா, போன வாரம் சென்னையிலிருந்து வந்த உங்கள் சித்தி மகன் நம் தெருவில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டான். பட்டு வேகவைக்கிற சோப்புத் தண்ணீரின் வாடை. நீங்கள் இரண்டு பேரும் "இன்னா நாத்தம்?" என்று அவனையே கேட்டீர்கள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழகிப்போனதை மூளை நம்மிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

மூளையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்பில் மூளைப் படம் வரையச் சொன்னால் முட்டைக்கோசு வரைந்துவைத்தவன் நான். ஆனாலும் இதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

சத்தமும் வாடை மாதிரிதான். தொண்ணூறுகளில் நான் நெய்யப் போன கூடத்தில் மூன்று தறி. அந்தச் சத்தத்திலேயே தொட்டில் குழந்தை தூங்கும்; சத்தம் நின்றால்தான் எழுந்து அழும். பக்கத்துத் தறி ஏகாம்பரம் அண்ணனுடையது. அவர் தறியின் தாளம் ஒருநாளும் தடுமாறியதில்லை. அதனால்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் கையை நிறுத்தி, முடிந்துவிட்டு மேலே நெய்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் ஒருநாள், சேலையின் இடப்பக்கத்துக் கரையில் இழைகள் அறுந்து தொங்கத் தொங்க, தன் பாட்டுக்கு நெய்துகொண்டே போயிருந்தார். வலக்கரை கண்ணாடி மாதிரி இருந்தது.

"இன்னா ஏகாம்பரம், கண்ணத் தொறந்துகினே தூங்குறியா?" என்றார் முதலாளி.

அண்ணன் குனிந்து பார்த்தார். "நல்லாத்தானங்க கீது" என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை.

கரை கெட்டால் தறிக்குத் திருஷ்டி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டு, கற்பூரம் சுற்றி, அவரை என் தறியிலும் என்னை அவர் தறியிலும் மாற்றி உட்கார வைத்தார்கள். கெட்ட தறி என் கையில் ஒழுங்காக ஓடியது. நல்ல தறி அவர் கையில் இடக்கரையைக் கெடுத்தது. ஏதோ ஒன்று அவர் பின்னாலேயே தறி மாறி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

ஒருநாள் பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்தார். நாங்கள் சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. கண் டாக்டர் கண்ணில் குறையே இல்லை என்றார். அது இன்னும் பயமாக இருந்தது. நம்மூர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டில் மந்திரிக்கிறவர், இடது தோளில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று கயிறு கட்டி அனுப்பினார்.

அவர் மனைவி வள்ளி அண்ணி சோறு கொண்டுவந்த மதியம், என்னை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நேத்து அவருக்கு இடப்பக்கமா நின்னுகினு கூப்புட்டேம்பா. அந்தாண்ட, வலப்பக்கமா திரும்பித் தேடுறாரு. எங்க போய்ட்ட வள்ளின்னு கேக்குறாரு. நான் பக்கத்துலயே கீறேன்."

அந்த வாரமே அவரோடு ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து களம்பூர் பஸ் வந்தது. ஆரன் அடித்துக்கொண்டேதான் வந்தது. அண்ணன் நின்று வலப்பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ் எங்கள் மூக்கை உரசிக்கொண்டு போனது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கடா பஸ்ஸு? சொம்மா பேஜார் பண்ணிகினு."

அதற்குப் பிறகுதான் அண்ணியும் நானும் அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மண்டைக்குள் வலப்பக்கத்தில் கட்டி. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு பாக்குதும்மா. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை அவருக்குச் சொல்றதில்ல. இல்லாத ஒண்ண யாரும் தேடமாட்டாங்க."

ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டியிருந்தது. அந்த வருஷத்து மழை விடுவதற்குள் அண்ணன் போய்விட்டார். கடைசி வரைக்கும் தன்னிடத்தில் எதுவும் குறையவில்லை என்றே நம்பினார். வலி, காய்ச்சல் என்றால் உடம்பு சொல்லிவிடும். இது சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே அல்லவா கெட்டுப்போயிருந்தது!

அந்தக் கூடம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வள்ளி அண்ணி தன் மகள் வீட்டோடு இருக்கத் தெள்ளாருக்குப் போய்விட்டார். இதெல்லாம் போனது எனக்குத் தெரியும், எழுதிவிட்டேன். போனதே தெரியாமல் போனவற்றை எப்படி எழுதுவது?

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போனதும், இதை எழுதுகிற நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டேன். வாசற்கதவிலிருந்து தொடங்கி, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே நம் வீட்டைச் சுற்றி வந்தேன். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், தோள் உயரத்தில், ஓர் ஆணி தட்டுப்பட்டது. தலை துருவேறிச் சொரசொரவென்று இருந்தது. தினமும் கடந்துபோகிற சுவர்தான்; யார் அடித்தது, எப்போது அடித்தது, ஒன்றும் நினைவில்லை. கண்ணைத் திறக்காமல், அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.