இடது கண்

என் மைத்துனன் இப்போது ராஜபாளையத்தில் ஒரு கிரானைட் கடையில் சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் உள்ள என் பட்டறையில் அம்மன் முகங்களைச் செதுக்கினான். அவனை அந்தக் கிரானைட் கடைக்கு அனுப்பியது நான்தான்.

தளவாய்புரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊருக்கு மாரியம்மன் சிலை செய்தோம். முகம் முழுவதும் அவன் வேலை. ஆனால் சிற்பக் கல்லூரியில் படித்த ஸ்தபதி நான். கண் திறப்பது ஸ்தபதியின் உரிமை. அப்போதே என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அவன் அதைக் கவனித்து, இந்த ஒரு தடவை தான் திறக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டான். நான் உளியைத் தீட்டினேன்.

கண் திறக்கும்போது சிலையைச் சுற்றித் திரை கட்டுவார்கள். உள்ளே ஸ்தபதி மட்டும்தான். வெளியே மேளம் வாசித்தார்கள். தங்க ஊசியால் தொட்டுவிட்டு, கருவிழியை எஃகு உளியால் கீறினேன். வலது கண் நன்றாக வந்தது. இடது கண்ணில் உளி வழுக்கி, கீழ் இமையில் நெல்லளவு கல் பெயர்ந்துவிட்டது. பின்னமான சிலை பூசைக்கு ஆகாது. திரையை விலக்கி அதைச் சொல்லியிருக்க வேண்டும். சாமான் பையில் சீக்கிரம் இறுகும் பசை இருந்தது. கல்தூளை அதில் குழைத்து இமையை அடைத்து, மேலே எண்ணெய் தடவினேன். பிறகுதான் திரை விலகியது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பாலும் எண்ணெயும் ஊற்ற ஊற்ற அந்த அடைப்பு சில மாதங்களில் விழுந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வேனில் வந்தார்கள். யார் கை வேலை என்று கேட்டார்கள். முகம் என் மைத்துனன் செய்தது என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததால் சொல்வது எளிதாக இருந்தது. கண் திறப்பதற்கு முன்பே இமை பெயர்ந்து, அவன் அதை ஒட்டி மறைத்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வந்தவர்களில் ஒரு பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். "ஏலே, ஆத்தா கண்ணுக்கே ஒட்டுப் போட்டு அனுப்பியிருக்கியே. பேசாம அம்மி கொத்தப் போ. அதுக்குக் கண்ணு வைக்க வேண்டாம்லா."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் உளிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வேன் போன பிறகு சொன்னான்: "நீங்க சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாவ அத்தான். வயசாளி, கை நடுங்கிருச்சுன்னு கும்பிட்டுட்டுப் போயிருப்பாவ. என்னய யாரு மன்னிப்பா?"

யாரும் மன்னிக்கவில்லை. சாமி கண்ணைக் கெடுத்தவன் என்ற பேச்சு எல்லாப் பட்டறைகளுக்கும் போனது. அவன் கை பட்ட சிலையை வாங்க ஒரு ஊரும் சம்மதிக்கவில்லை.

போன மாதம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய், கோயில் கமிட்டியிடம் நடந்தது அனைத்தையும் சொன்னேன். பழைய சிலையைக் கிணற்றில் இறக்கியாகிவிட்டது, புதுச் சிலை வந்து பூசையும் நடக்கிறது என்றார்கள். காபி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சினனுக்காகப் பழிய ஏத்துக்கிடுதிய. ஒங்களுக்குப் பெரிய மனசு ஐயா."

இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல என்மேல் அவர்களுக்கு மரியாதைதான் கூடியது.

திரும்பும் வழியில் கிரானைட் கடையில் இறங்கினேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் தூசியோடு நான் சொன்னதைக் கேட்டான். அவர்கள் நம்பவில்லை என்றபோது தலையை மட்டும் ஆட்டினான்.

"சரி அத்தான். வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க."

மெஷினை மறுபடி ஓடவிட்டான். பாத்திரம் கழுவும் தொட்டிக்காகக் கல்லில் வட்டமாகத் துளை அறுத்துக்கொண்டிருந்தான். வெட்டிய துண்டு கீழே விழும்வரை நின்றேன். அவன் நிமிரவில்லை.