கிள்ளான் டீச்சரின் ராஜா

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபது. ஒரு நகர்த்தல் விடாமல் என் நோட்டில் குறித்திருக்கிறேன். அப்படியும் அன்று கண்ணெதிரே நடந்தது எனக்குப் புரியவில்லை.

முதல் மேசையில் கிள்ளானிலிருந்து வந்த பள்ளி ஆசிரியையும் பங்சார் வக்கீல் ஒருவரும் ஆடினார்கள். இருவரும் பல கிண்ணங்கள் வாங்கியவர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு அணியில் ஓர் இடம்தான் மிச்சம். டீச்சர் ஜெயித்தால் அவருக்கு. டிரா ஆனாலே வக்கீலுக்கு.

பலகையில் இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். டீச்சரின் ராஜா வழி தேடி முன்னே போவதும் திரும்புவதுமாக இருந்தது. அப்படி ஒருமுறை திரும்பியதும் வக்கீல் கையைத் தூக்கி நடுவரை அழைத்தார்.

"மூணாவது தடவை அதே நிலை வந்திருக்கு. விதிப்படி டிரா."

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். "ஒத்துக்கிறீங்களா, டீச்சர்?"

டீச்சர் யோசிப்பதற்குள், "ஆமா, மூணு தடவைதான்" என்று சொல்லிவிட்டேன்.

"உங்கள யாருண்ணே கேட்டா? பாக்க வந்தவங்க பேசக்கூடாது லா" என்றார் நடுவர்.

டிரா என்று தன் நகர்த்தல் தாளில் கையெழுத்துப் போட டீச்சர் பேனாவை எடுத்தார். நடுவர் அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இருவரின் தாள்களையும் வைத்து வேறொரு பலகையில் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்.

"முதல் ரெண்டு தடவையும் டீச்சர் நகர்த்த வேண்டியதா இருந்துச்சு. இப்ப நீங்க நகர்த்தணும், பாஸ். காய் எல்லாம் அதே இடம்தான், ஆனா நகர்த்த வேண்டிய ஆளும் ஒண்ணா இருந்தாத்தான் விதிப்படி அதே நிலை. ஆடுங்க."

என் நோட்டைப் புரட்டினேன். உண்மைதான். வக்கீலின் ராஜா இரண்டு நகர்த்தலில் போய்த் திரும்பியிருந்தது. டீச்சரின் ராஜாவோ மூன்று நகர்த்தலில் சுற்றி வந்திருந்தது. எழுதியவன் நான், கவனிக்காதவனும் நான்.

வக்கீல் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். எதை நகர்த்தினாலும் ஒரு சிப்பாய் போகும். ஐந்து மணிக்குள் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

வெளியே தே தாரிக் குடிக்கும்போது, "நல்லா மாட்டிவிட்டீங்க, டீச்சர்" என்றேன்.

"நான் எங்கண்ணே மாட்டிவிட்டேன்? நானும் டிரான்னுதான் நெனச்சேன். நீங்க வேற ஆமான்னுட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வேண்டுமென்றே சுற்றியிருந்தாலும் வழி தப்பிச் சுற்றியிருந்தாலும் தாளில் அதே மூன்று நகர்த்தல்கள்தான்.

அணிப் பட்டியலில் அவர் பெயர் வந்த அன்று வாழ்த்துச் சொல்லப் போனை எடுத்தேன். எதற்காக வாழ்த்துவது என்று விளங்காமல், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.