ஜன்னலோரக் கட்டிலும் ஒன்பது கட்டங்களும்

வேலூரில் நான் கம்பவுண்டர் பயிற்சியில் இருந்தபோது, விடுதியில் எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல். சித்திரையில் மலைப்பாறை வாங்கிய சூடு பொழுது சாய்ந்த பிறகும் இறங்காது. ஜன்னலோரக் கட்டிலில் படுப்பவளுக்கு மட்டுமே தூக்கம். அறையில் என்னோடு இருந்தவள் ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவரின் மகள். பத்திரிகையில் வந்த எண் கட்டத்தை முதலில் நிரப்புகிறவளுக்குத்தான் அந்தக் கட்டில் என்று பேசிக்கொண்டோம்.

மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணையும் ஒரு தடவை போட வேண்டும். நேராகவோ, மேலிருந்து கீழாகவோ, மூலைக்கு மூலையாகவோ எப்படிக் கூட்டினாலும் பதினைந்து.

எனக்கு மருந்து நிறுத்துப் பழகிய கை. கம்மியானால் ஒரு சிட்டிகை போடுவோம், ஜாஸ்தியானால் எடுப்போம். சிலேட்டில் இதையும் அப்படியே செய்தேன். மேலே 9, 5, 1. நடுவில் 4, 3, 8. கீழே 2, 7, 6. நேராகப் பதினைந்து, மேலிருந்து கீழும் பதினைந்து. கட்டில் எனக்குத்தான் என்று மூலைக்கு மூலை கூட்டினேன். ஒரு பக்கம் பதினெட்டு, மறுபக்கம் ஆறு. ஆறை ஏற்றினால் வரிசை கெட்டது; வரிசையைத் திருத்தினால் பத்தி கெட்டது. ஒரே பேஜார். சிலேட்டை உடைக்கலாம் போலிருந்தது.

அவள் சாவகாசமாகத் தலை வாரி முடித்துவிட்டு, சிலேட்டை வாங்கி மடமடவென்று நிரப்பினாள். எல்லாப் பக்கமும் பதினைந்து. கேட்டால், அவர்கள் தோல் மண்டியின் வாசலுக்கு மேல் இதே கட்டத்தைத் தகட்டில் எழுதி மாட்டியிருக்கிறதாம், பரக்கத்துக்காக, வியாபாரம் பெருகட்டும் என்று. சின்ன வயசிலிருந்து பார்க்கிறாளாம்.

"இது கணக்குப் போட்டதா?" என்றேன்.

"கணக்கு போடணும்னு யார் சொன்னா? ரொப்பணும்னுதானே பேச்சு?" என்று தலையணையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆத்திரத்தோடு உட்கார்ந்தேன். பதினைந்து வரும் மும்மூன்று எண்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். ஐந்து மட்டும் நான்கில் வந்தது. நடுக்கட்டத்தின் வழியாகத்தான் நான்கு கோடுகள் போகின்றன. ஐந்து நடுவில் உட்கார்ந்தது. இரட்டைப்படை எண்கள் மும்மூன்று தடவை வந்தன. மூலைக்கு மூன்று கோடுகள்; அவை மூலைகளுக்குப் போயின. மீதி தானே விழுந்தது.

கட்டிலில் சாய்ந்தபடியே எட்டிப் பார்த்தவள் நிஜமாகவே எழுந்து உட்கார்ந்தாள். அது ஏன் அப்படி வருகிறது என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். சொல்லிக் கொடுக்கச் சொன்னாள்.

"முதல்ல கட்டிலை விடு."

ஜன்னலைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள்.

"மழைக்காலம் வரட்டும்," என்று மறுபடி படுத்துக்கொண்டாள். "அப்ப கத்துக்கறேன்."